எதிரியின் கணக்கேட்டிலிருந்து எழுந்த சாட்சியம்: ஐடா வெல்ஸின் பத்திரிகைப் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தரவுகளைத் திரட்டி, வகைப்படுத்தி, அவற்றினின்று பெறப்படும் உண்மையினைச் செய்தியாக எழுதும் முறையினைக் கணினியுகத்தின் குழந்தையென்று கருதும் வழக்கம் இன்று பரவலாக உண்டு. அதன் வரலாற்றினை எழுதப் புகுவோர், 1967ஆம் ஆண்டு டெற்றோயிற் நகரக் கலவரத்தின் பின்னர் பிலிப் மேயர் முதலியோர் நடாத்திய கருத்தாய்வினையும், 1973இல் அவர் வெளியிட்ட துல்லியப் பத்திரிகைத்துறை பற்றிய நூலினையும் பெரும்பாலும் தொடக்கமாகக் கொள்வர். இன்னுஞ் சற்றுப் பின்னோக்கிச் செல்வோர், 1821 மே 5ஆந் திகதி வெளிவந்த மான்செஸ்ரர் கார்டியன் பத்திரிகையின் முதலிதழிலே, அந்நகரப் பாடசாலைகளின் மாணவர் தொகையும் செலவும் அட்டவணையாகத் தரப்பட்டமையைச் சுட்டுவர். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண்ணொருத்தி, தன் அச்சகத்தையும் ஊரையும் இழந்த நிலையில், எண்களையும் நேரடிப் புலனாய்வினையும் ஒருங்கிணைத்து ஒரு நாட்டின் பெரும்பொய்யினை உடைத்தெறிந்தமை நெடுங்காலம் பேசப்படாது போயிற்று. ஐடா வெல்ஸ் (1862-1931) என்னும் அப்பெண்மணியின் பத்திரிகைப் பணியே இங்கு ஆராயப்படுகின்றது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஹொலி ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூரில் 1862 யூலை 16ஆந் திகதி ஐடா பிறந்தார். தந்தை தச்சர், தாய் சமையற்காரி, இருவரும் அடிமைகள். மகள் பிறந்து ஆறு மாதங்களுக்குள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. 1878ஆம் ஆண்டில் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கினைச் சூறையாடிய மஞ்சட் காய்ச்சல் பெற்றோரையும் கைக்குழந்தையான தம்பியையும் கொண்டுசென்றபோது அவருக்கு வயது பதினாறு. எஞ்சிய சகோதரர்களைக் காப்பாற்றும் பொருட்டு ஆசிரியையானார். பின்னர் ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1883இல் புகையிரதத்திற் பெண்களுக்குரிய பெட்டியிற் பயணஞ் செய்துகொண்டிருந்த அவரை, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால், புகைப்போருக்குரிய பெட்டிக்குப் போகுமாறு நடத்துநர் பணித்தார். மறுத்த அவரைப் பலாத்காரமாக இழுத்து வெளியேற்றினர். இழுத்தவரின் கையைக் கடித்துவிட்டே ஐடா வெளியேறினார். கம்பனிமீது அவர் தொடுத்த வழக்கில் 1884 டிசம்பரில் 500 டொலர் நட்டஈடு தீர்ப்பாயிற்று. ஆயின் 1887இல் மாநில உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பினை மாற்றி, வழக்குச் செலவினையும் அவர் தலையிலேயே சுமத்தியது. நீதிமன்றத்தின் வழியே உரிமை கிட்டுமென்னும் நம்பிக்கை அவருள் உடைந்தது இங்கேயாகும். இவ்வழக்கினைப் பற்றி எழுதிய கட்டுரைகளே அவரைப் பத்திரிகையுலகிற் கொண்டுவந்து சேர்த்தன. 'அயோலா' என்னும் புனைபெயரில் கறுப்பினத்தவர் பத்திரிகைகள் பலவற்றில் அவர் எழுதலானார்.

1889இல் மெம்பிஸ் நகரத்து 'ஃபிறீ ஸ்பீச்' பத்திரிகையின் பங்காளராகவும் ஆசிரியராகவும் அவர் ஆனார். எழுத்து ஒருபுறமிருக்க, பத்திரிகையை விற்பதிலும் அவர் காட்டிய ஊக்கம் குறிப்பிடத்தக்கது. புகையிரதத்திற் பத்திரிகை விற்போர், எழுத்தறியாத கறுப்பின மக்கள் 'ஃபிறீ ஸ்பீச்' கேட்டால் வேறொரு பத்திரிகையைக் கையிற் கொடுத்து ஏமாற்றுவது வழக்கமாயிருந்தது. இதனை அறிந்த வெல்ஸ் பத்திரிகையினை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டார். நிறத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிய அம்மக்கள் வீட்டில் எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு அதனை வாசிப்பித்துக் கேட்டனர். வாசிக்கத் தெரியாதோரும் ஒரு பத்திரிகையின் வாசகராதல் கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகளது சீர்கேட்டினைக் கண்டித்து எழுதியமையால் 1891இல் அவரது ஆசிரியப் பதவி பறிபோயிற்று. அதன்பின் பத்திரிகைத்துறையே அவரது முழுநேரத் தொழிலாயிற்று.

வெல்ஸின் வாழ்க்கையில் மாத்திரமன்றி, கும்பற்கொலை பற்றிய அமெரிக்கச் சிந்தனையிலும் திருப்புமுனையாக அமைந்தது 1892 மார்ச் மாதத்து மெம்பிஸ் நிகழ்ச்சியாகும். நகரின் புறத்தே 'வளைவு' எனப்பட்ட பகுதியில் வில்லியம் பரெற் என்னும் வெள்ளையர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அதுவரை அங்கு போட்டியேதும் இருக்கவில்லை. 1889இல் கறுப்பினத்தவர் சிலர் கூட்டாகப் பணமிட்டு 'மக்கள் பலசரக்குக் கடை'யைத் தொடங்கினர். அதன் தலைவர் தோமஸ் மொஸ் என்னும் தபாற்காரர். வெல்ஸின் நெருங்கிய நண்பர். அவரது மகளுக்கு ஞானத்தாய் வெல்ஸே. கறுப்பினத்தவர் தங்கள் கடைக்குச் செல்லலாயினர். பரெற்றின் வியாபாரம் சுருங்கிற்று. குண்டு விளையாடிய சிறுவரிடையே மூண்ட சண்டை பெரியோர் சண்டையாக முற்றியது. மார்ச் 5ஆந் திகதி இரவு சாதாரண உடையிலே, ஆயுதந் தாங்கி, கடைக்குள் நுழைந்தோரைக் கொள்ளைக் கும்பலென்று கருதி உள்ளே காவலிருந்தோர் சுட்டனர். காயமுற்ற மூவரும் சட்ட அதிகாரிகளென்று பின்னர் தெரியவந்தது. மார்ச் 9ஆந் திகதி அதிகாலை முகமூடி அணிந்த கூட்டமொன்று சிறைக்குட் புகுந்து மொஸ், கல்வின் மக்டவல், வில் ஸ்ருவேட் ஆகிய மூவரையும் நகருக்கு வெளியே கொண்டுசென்று சுட்டுக் கொன்றது. அன்று காலையிலேயே வெள்ளையர் பத்திரிகைகள் கொலைக்களத்து விபரங்களை நேரிற் கண்டாற்போல வெளியிட்டமை, அந்நகரின் மதிப்புக்குரியோர் இதனை எவ்வளவு முன்னதாக அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். கடையின் சரக்குகள் ஈற்றில் மலிவு விலைக்குப் பரெற்றின் கைக்கே போய்ச் சேர்ந்தன.

இக்கொலைகள் நிகழும்வரை வெல்ஸும் ஏனையோரைப் போன்றே எண்ணியிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. கும்பற்கொலை சட்டவிரோதமானதாயினும் வெள்ளைப் பெண்களைப் பாலியல் வல்லுறவுக்குட்படுத்திய கொடியோர்மீது எழுந்த ஆத்திரத்தின் விளைவே அது என்னும் விளக்கம் அக்காலத்துத் தென்மாநிலங்களில் மட்டுமன்றி வட மாநிலங்களிலும், கறுப்பினப் படித்தோரிடையேயுங்கூட, ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. தோமஸ் மொஸ் எந்தப் பெண்ணையும் தீண்டியவரல்லர். அவர் செய்த குற்றம் வெள்ளையரின் கடைக்கெதிரே வேறொரு கடையைத் திறந்தமையே. ஒரு கொலையின் காரணம் பொய்யாயின் ஏனைய கொலைகளின் காரணம் எத்தகையது? இவ்வினாவே வெல்ஸின் எஞ்சிய வாழ்க்கையை நிர்ணயித்தது எனலாம்.

அவர் செய்த முதற் செயல் மெம்பிஸைவிட்டு மேற்கே செல்லுமாறு கறுப்பின மக்களை எழுத்தினால் தூண்டியதாகும். ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர், எஞ்சியோர் நகரத்துத் தெருக்கார்களிற் பயணஞ் செய்வதைக் கைவிட்டனர். வருமானம் வீழ்ந்ததால் தெருக்கார்க் கம்பனி அதிகாரிகள் 'ஃபிறீ ஸ்பீச்' அலுவலகத்துக்கே வந்து, மக்களை அமைதிப்படுத்தும்படி வேண்டிநின்றனர். இரண்டாவது செயல், கும்பற்கொலைச் செய்திகள் ஒவ்வொன்றையும் துருவி ஆராய்வது. மிசிசிப்பியின் ரூனிக்காவில் ஏழு வயதுச் சிறுமியைக் கெடுத்தமைக்காக ஒருவன் கொல்லப்பட்டதாகத் தந்திச் செய்தி ஒன்று வெளிவந்திருந்தது. வெல்ஸ் அவ்விடத்துக்கு நேரிற் சென்றார். அந்தச் 'சிறுமி' பதினேழு வயதைக் கடந்த வளர்ந்த பெண் என்பதையும், அவள் தானே விரும்பி அம்மனிதனின் குடிசைக்குச் சென்றுவந்தவள் என்பதையும், மகளின் பெயரைக் காக்க நினைத்த தந்தையே கும்பலை நடாத்தினார் என்பதையும் அறிந்துவந்தார். தந்திச் செய்தியை அப்படியே அச்சேற்றிய பத்திரிகைகள் பல. சென்று பார்த்தவர் இவர்.

1892 மே 21ஆந் திகதி ஆசிரியத் தலையங்கத்தில், அண்மையிற் கொல்லப்பட்ட எண்மரைக் குறிப்பிட்டு, வல்லுறவென்னும் பழைய பொய்யினை இனி எவரும் நம்பப் போவதில்லையென்றும், இப்பொய்யைத் தென்மாநில வெள்ளையர் தொடர்ந்து சொல்வாராயின் அவர்களது பெண்களின் ஒழுக்கம் பற்றிய ஐயமே எழுமென்றும் எழுதினார். எழுதியவர் பெண் என்பதை ஊகிக்கவியலாத மெம்பிஸ் நாளிதழ்கள், அவ்'ஆணை'ப் பகிரங்கமாகச் சித்திரவதை செய்யவேண்டுமென அறைகூவின. மே மாத இறுதியில் அச்சகம் நிர்மூலமாக்கப்பட்டது. பங்காளரான பிளெமிங் தப்பியோடினார். அவ்வேளை கிழக்கு மாநிலங்களிற் பயணஞ் செய்துகொண்டிருந்த வெல்ஸ், திரும்பினால் மரணம் என்ற எச்சரிக்கை கிடைக்கவே நியூயோர்க்கிற் தங்கினார். தமது பத்திரிகையின் சந்தாதாரர் பட்டியலை ஈடாகக் கொடுத்து, தோமஸ் போர்ச்சுன் நடாத்திய 'நியூயோர்க் ஏஜ்' பத்திரிகையிற் காற்பங்கினைப் பெற்றார். யூன் 25ஆந் திகதி அப்பத்திரிகையில் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரையே, அவ்வாண்டின் பிற்பகுதியில் 'தெற்கின் கொடூரங்கள்' என்னும் சிறுநூலாயிற்று. முதுபெரும் தலைவரான பிரெடரிக் டக்ளஸின் கடிதம் அதன் முகப்பில் இடம்பெற்றது. 1895இல் இன்னும் விரிந்த அளவில் 'செங்குருதிப் பதிவேடு' வெளிவந்தது.

இவ்விரு நூல்களிலும் கையாளப்பட்ட முறை தனித்து நோக்கத்தக்கது. சிக்காகோ ரிபியூன் பத்திரிகை 1882 முதலாக ஒவ்வோர் ஆண்டும் அவ்வாண்டில் நிகழ்ந்த கும்பற்கொலைகளின் பட்டியலை வெளியிட்டுவந்தது. கொலையுண்டவரின் பெயர், திகதி, இடம், சாட்டப்பட்ட குற்றம் என்பன அதில் அடங்கியிருந்தன. வெள்ளையர் நடாத்திய பத்திரிகை. வெள்ளையர் அனுப்பிய செய்திகள். கறுப்பினத்தவர் தரும் எந்தத் தகவலையும் மிகையென்று தள்ளிவிடும் ஒரு சமூகத்தில், வெல்ஸ் வேண்டுமென்றே இந்தப் பட்டியலைத் தம் ஆதாரமாகக் கொண்டார். அவர் புதிதாக எதனையும் எண்ணவில்லை. ஏலவே எண்ணப்பட்டிருந்ததைக் குற்றச்சாட்டின் அடிப்படையில் மீள வகுத்தார், அவ்வளவே. தவளை தன் வாயாற் கெட்டாற்போல, கொலைகாரரின் வாக்குமூலமே அவர்களுக்கெதிரான சாட்சியமாயிற்று.

1892ஆம் ஆண்டுக்கான கணக்கினை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டில் கும்பல்களாற் கொல்லப்பட்டோர் 241 பேர். அவர்களுள் 160 பேர் கறுப்பினத்தவர்; அந்த 160 பேருள் ஐவர் பெண்கள். குற்றச்சாட்டின்படி வகுத்துப் பார்க்குமிடத்து, கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டோர் 58; வல்லுறவுக் குற்றஞ் சாட்டப்பட்டோர் 46; வல்லுறவு முயற்சி எனப்பட்டோர் 11. எஞ்சியோர்மீது சாட்டப்பட்டவை தீவைப்பு, கொள்ளை, கலகம் முதலியன. கொள்ளையடித்திருக்கலாம் என்ற சந்தேகத்திற்காகக் கொல்லப்பட்டோர் நால்வர். பெண்களை அவமதித்தமைக்காக இருவர். தற்காப்புக்காக ஒருவர். இனவெறுப்பு என்றே வெளிப்படையாகக் குறிக்கப்பட்டோர் அறுவர். காரணமே தரப்படாதோர் நால்வர். குற்றம் எதுவுஞ் சுட்டப்படாத ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் அப்பட்டியலில் உண்டு. வல்லுறவும் அதன் முயற்சியுமாகச் சேர்த்தாலும் 57 பேரே. அதாவது மூன்றிலொரு பங்கினைச் சற்றே விஞ்சியது. முந்திய எட்டாண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேர் பற்றிய கணக்கும் ஏறத்தாழ இவ்விகிதத்தையே தந்திருந்தது. பெண்களைக் காக்கவே கொல்கின்றோம் என்றோரின் சொந்தக் கணக்கிலேயே, கொலையுண்டோருட் பெரும்பான்மையோர்மீது அக்குற்றம் சாட்டப்படவேயில்லை என்பது இவ்வாறு வெளியாயிற்று. சிறுவனும் சிறுமியும் என்ற அந்த ஒற்றை வரிக்கு விளக்கவுரை தேவையில்லை.

எண்கள் தாமாகவே பேசிவிடுமென்று வெல்ஸ் நம்பியிருந்தாரெனக் கொள்வது பொருந்தாது. இங்கேதான் பிற்காலப் புள்ளிவிபரவியலாளர் சிலரினின்றும் அவர் வேறுபடுகின்றார். அட்டவணை எத்தனை பேர்மீது எக்குற்றம் சாட்டப்பட்டதென்பதையே கூறும்; சாட்டு மெய்யா பொய்யா என்பதைக் கூறாது. ஆகவே அந்த மூன்றிலொரு பங்கினுள்ளும் நுழைந்து, தனித்தனி நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, அவற்றுட் பல இருபாலாரின் விருப்போடு நிகழ்ந்த இரகசிய உறவுகளே என்பதை வெள்ளையர் பத்திரிகைச் செய்திகளையும் நேரடி விசாரணையையுங் கொண்டு நிறுவினார். அட்டவணை பொதுமையைக் காட்டிற்று. விசாரணை தனிமனிதரைக் காட்டிற்று. ஒன்றின்றி மற்றது குறைவுடையதாகவே இருந்திருக்கும்.

இதன் பொருட்டு அவரது எண்கள் அனைத்தையும் ஒரேதரத்தனவாகக் கொள்ளவேண்டியதில்லை. உள்நாட்டுப் போரின் பின்னர் பதினாயிரம் கறுப்பினத்தவர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர் என்று 'செங்குருதிப் பதிவேடு' கூறுவது மதிப்பீடேயன்றிப் பெயர்வாரியான கணக்கன்று. 1892, 1893ஆம் ஆண்டுகளின் பட்டியல்களுக்குள்ள உறுதிப்பாடு அதற்கில்லை. கும்பற்கொலை என்பதன் வரைவிலக்கணமும் சிக்கலானது. எத்தனை பேர் கூடினால் அது கும்பல்? கலவரத்தில் இறந்தோர் இதனுள் அடங்குவரா? இத்தகைய வினாக்களுக்கு விடைகாணும் பொருட்டு, கணக்கெடுத்துவந்த நிறுவனங்கள் 1940இல் ஒன்றுகூடி, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்பது முதலாய நிபந்தனைகளை வகுக்கவேண்டியிருந்தது. ரஸ்கீஜி நிறுவனத்தின் பதிவேடுகள் 1882 முதல் 1968 வரை 4,743 கும்பற்கொலைகளைக் குறிக்கின்றன. அவற்றுள் 3,446 பேர் கறுப்பினத்தவர். ரிபியூன் பட்டியலில் தவறுகள் இருந்தமையைப் பிற்கால ஆய்வாளர் பெயர்பெயராகச் சரிபார்த்துக் காட்டியுள்ளனர். ஆயினும் வல்லுறவுக் குற்றச்சாட்டுச் சிறுபான்மையினதே என்னும் வெல்ஸின் முடிபு அச்சரிபார்ப்புக்களால் அசையவில்லை.

சொந்த நாட்டு வெள்ளையர் பத்திரிகைகள் செவிசாய்க்காதபோது வெளிநாட்டின் காதுவழியே அவர்களை எட்டலாம் என்பதை வெல்ஸ் விரைவிற் கண்டுகொண்டார். 'அன்ரி-காஸ்ற்' என்னும் சஞ்சிகையை நடாத்திய கதரின் இம்பியும் ஸ்கொத்லாந்து எழுத்தாளரான இசபெல்லா மேயோவும் அழைத்ததற்கிணங்க 1893இல் முதன்முறை பிரித்தானியா சென்றார். சாதி என்னும் சொல்லை இந்தியச் சமூகத்தினின்று பெற்று, உலகெங்கணுமுள்ள இனப்பாகுபாட்டினைக் குறிக்க அச்சஞ்சிகை கையாண்டது. அபர்டீன் நகரில் மேயோவின் இல்லத்தில் தங்கியிருந்த இலங்கையரான ஜோர்ஜ் பேர்டினண்ட்ஸ் கடிதமெழுதல், சஞ்சிகைப் பிரதிகளை அஞ்சலிடல் முதலிய இயக்க வேலைகளில் அவர்களுடன் பங்குகொண்டார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும். 1894இல் இரண்டாம் முறை சென்றபோது, 'சிக்காகோ இன்ரர் ஓஷன்' என்னும் வெள்ளையர் பத்திரிகையின் நிருபராகவே சென்று, தமது கூட்டங்களைப் பற்றித் தாமே செய்தி எழுதியனுப்பினார். நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்களில் அவர் பேசினார். இலண்டனிற் கும்பற்கொலை எதிர்ப்புக் குழுவொன்று அமைந்தது. மெம்பிஸ் நகரம் பருத்தி வியாபாரத்தால் வாழ்ந்த நகரம். அப்பருத்தியின் பெரும் வாடிக்கையாளர் இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள். அவ்வாண்டில் மெம்பிஸுக்கு அருகே கறுப்பினத்தவர் அறுவர் கொல்லப்பட்டபோது, இரண்டாண்டுகளுக்கு முன் அச்சகத்தை உடைக்கத் தூண்டிய அதே நகரத்துப் பத்திரிகைகளும் வர்த்தகரும் அக்கொலையைக் கண்டித்தனர். மனச்சாட்சி விழித்ததா, சந்தை விழித்ததா என்பதை வாசகரே முடிவுசெய்யலாம். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையோ அவ்வாண்டில் வெல்ஸை மிக இழிவான சொற்களால் ஏசியது. அதே பத்திரிகை 2018இல், தான் எழுதத் தவறிய மரணக் குறிப்புக்களின் வரிசையிலே அவருக்கும் ஒன்றை எழுதிச் சேர்த்தது.

1895இல் சிக்காகோ வழக்கறிஞரும் 'கொன்சவேற்றர்' பத்திரிகையின் நிறுவனருமான பேர்டினண்ட் பார்னெற்றை மணந்த வெல்ஸ், அப்பத்திரிகையைத் தாமே பொறுப்பேற்று நடாத்தினார். குழந்தைகள் பிறந்தபின்னரும் புலனாய்வு நின்றுவிடவில்லை. 1899 ஏப்பிரலில் ஜோர்ஜியாவிற் சாம் ஹோஸ் என்னும் தொழிலாளி பெருங்கூட்டத்தின் முன்னிலையில் உயிரோடு எரிக்கப்பட்டான். சிக்காகோவைச் சேர்ந்த கறுப்பினத்தவர் நிதி திரட்டி, லூயி லெவின் என்னும் வெள்ளைத் துப்பறிவாளரை அங்கே அனுப்பினர். தற்காப்புக்காகவே ஹோஸ் எசமானைக் கொன்றான் என்பதும், எசமானின் மனைவியைக் கெடுத்தானென்ற கதை பின்னாற் புனையப்பட்டது என்பதும் லெவினின் அறிக்கையில் வெளியாயின. 'ஜோர்ஜியாவிற் கும்பற்சட்டம்' என்னும் சிறுநூலில் வெல்ஸ் அதனை அச்சிட்டார். கறுப்பினத்தவரிடம் வாய்திறவாத ஊரார் வெள்ளையரிடம் திறப்பர் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதே கொலை அட்லாண்டாவிற் பேராசிரியராகவிருந்த டுபொய்சையும் உலுக்கிற்று. கறுப்பினத்தவரின் வாழ்நிலை பற்றிய விஞ்ஞானபூர்வமான ஆய்வே போதுமென்று அதுவரை எண்ணியிருந்த அவர், மனிதர் எரிக்கப்படும்போது அமைதியான ஆய்வாளனாக இருத்தல் ஒல்லாது என்பதைப் பின்னர் எழுதினார். அவர் 1899இல் வந்தடைந்த இடத்திலிருந்தே வெல்ஸ் 1892இற் புறப்பட்டிருந்தார்.

எழுத்து நேரடியாகச் சட்டத்தின் போக்கை மாற்றியதற்கு 1909ஆம் ஆண்டின் கெய்ரோ நிகழ்ச்சி உதாரணமாகும். இது எகிப்தின் கெய்ரோ அன்று. இலினோய் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள ஆற்றங்கரை நகரம். நவம்பர் மாதத்தில் அங்கே வில்லியம் ஜேம்ஸ் என்னும் கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கக் கொல்லப்பட்டார். தன் பொறுப்பிலுள்ள கைதியைக் கும்பலிடம் இழக்கும் செரிப் பதவியிழப்பார் என்று 1905இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது. அதன்படி செரிப் பிராங் டேவிஸ் பதவி நீங்கினார். ஆயின் மீண்டும் பதவி கோரும் உரிமை அவருக்கிருந்தது. நகரத்தின் செல்வாக்குடையோர் அவர் பக்கம் நின்றனர். கறுப்பினத்தவருட் பலரும் அவருக்காகக் கையொப்பமிட்டிருந்தனர். வெல்ஸ் கெய்ரோவுக்குச் சென்று, கொலை நிகழ்ந்த இடங்களைச் சுற்றிப் பார்த்து, சாட்சிகளைக் கண்டு, கைதியைக் காக்க டேவிஸ் என்ன செய்தார், என்ன செய்யாது விட்டார் என்பதைப் படிப்படியாகத் தொகுத்தார். கறுப்பினத்தவரைக் கூட்டி, அவர்கள் இட்ட கையொப்பத்தின் விளைவை எடுத்துரைத்தார். ஸ்பிறிங்பீல்டில் ஆளுநர் டெனீன் முன்னிலையில் நடந்த விசாரணையில், வழக்கறிஞரல்லாத அவரே எதிர்த்தரப்புக்காகத் தனித்து நின்று வாதாடினார். ஆளுநர் டேவிஸை மீள நியமிக்க மறுத்தார். பத்திரிகையாளர் திரட்டிய சான்று நிர்வாகத் தீர்ப்பின் அடிப்படையாக அமைந்தமையே இங்கு முதன்மையானது. அவ்வாண்டின் முற்பகுதியில் தோன்றிய, பின்னர் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கமாக வளர்ந்த அமைப்பு, அதன் தொடக்கக் குழுப் பட்டியலில் வெல்ஸின் பெயரை முதலில் விட்டுவிட்டு, எதிர்ப்பின் பின்னரே சேர்த்தது என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 1919இல் 'முப்பதாண்டுக் கும்பற்கொலைகள்' என்னும் புள்ளிவிபரத் தொகுப்பினை வெளியிட்ட அச்சங்கம் நடந்துசென்ற பாதை, வெல்ஸ் முன்னரே வெட்டியது.

அவரது இறுதிப் பெரும் புலனாய்வு ஆர்க்கன்சோ மாநிலத்து எலெய்ன் பகுதி பற்றியது. பருத்தி வயல்களிற் பங்கு விவசாயிகளாக உழைத்த கறுப்பினத்தவர், தமது விளைச்சலுக்கு நியாயமான கணக்குக் கோரிச் சங்கம் அமைத்தனர். 1919 செப்ரெம்பர் இறுதியில் தேவாலயமொன்றில் அவர்கள் கூடியிருந்தபோது துப்பாக்கிச் சூடு மூண்டது. தொடர்ந்த நாட்களில் வெள்ளையர் கூட்டங்களும் படையினரும் கறுப்பினத்தவரை வேட்டையாடினர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது பல ஆய்வாளர் முடிபு. கொலைக்குற்றத் தீர்ப்போ மறுபக்கத்துக்கே கிடைத்தது. சில நிமிட ஆலோசனையின் பின் யூரிமார் பன்னிரு கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விதிக்க வழிசெய்தனர். முப்பதாண்டுகளின் பின் முதன்முறையாகத் தென்மாநில மண்ணில் மீண்டும் காலடி வைத்த வெல்ஸ், கைதிகளின் உறவினரைப் போல அவர்தம் மனைவியரோடு கலந்து சிறைக்குள் நுழைந்தார். கைதிகள் மறுமையைப் பற்றிய பாடல்களைப் பாடினர். இறப்பதற்கு ஆயத்தமாகாது விடுதலைக்காக மன்றாடுங்கள் என்று அவர் கடிந்துகொண்டார். அவர்கள் சொல்லியவற்றைக் குறித்துவந்து 1920இல் 'ஆர்க்கன்சோ இனக்கலவரம்' என்னும் நூலாக வெளியிட்டார். அதிலே அவர் செய்த கணக்கு முன்னைய அட்டவணைகளினின்று வேறுபட்டது. ஒவ்வொரு கைதியும் பயிரிட்ட ஏக்கர், எதிர்பார்த்த பருத்திப் பொதிகள், அவற்றின் சந்தை விலை, இழந்த கால்நடை, தளபாடம் என்பவற்றை அவர் கூட்டினார். யாருடைய வீட்டுக்கு அந்தப் பருத்தி போய்ச் சேர்ந்தது என்பதே கலவரத்தின் காரணத்தை விளக்குமென்பது அவர் கருத்து. 1892இல் ஒரு பலசரக்குக் கடையிற் கற்ற பாடம் இங்கே முழுமையான பொருளாதார ஆய்வாக விரிந்தமையைக் காணலாம். 1923இல் மூர் எதிர் டெம்ப்சி வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், கும்பலின் நெருக்குதலுக்கு உட்பட்ட விசாரணை விசாரணையாகாது என்று தீர்த்தது. 1925ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் பன்னிருவரும் விடுதலை பெற்றனர். அவர்களுக்காக நீதிமன்றத்திற் போராடியோர் வேறு பலர். வெல்ஸின் நூல் அப்போராட்டத்தின் ஒரு கூறேயாகும்.

கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் டயர் மசோதா 1922இற் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிச் செனற் சபையில் மடிந்தது. அத்தகையதொரு சட்டம் நிறைவேறியது 2022 மார்ச்சிலேயே. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் புலிற்சர் குழு வெல்ஸுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. 2016இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட சங்கமொன்று கறுப்பினப் பத்திரிகையாளருக்குத் தரவுகளைக் கையாளும் புலனாய்வுப் பயிற்சியினை அளித்துவருகின்றது. இவையெல்லாம் நெடுங்காலத்தின் பின்னர் வந்தவை. 1928இல் அவர் சுயசரிதையை எழுதத் தொடங்கியதற்குக் காரணமே, இளம்பெண்ணொருத்தி அவரைப் புகழ்ந்துவிட்டு, புகழுக்குரிய காரியம் யாதென்று சொல்லத் தெரியாது நின்றமைதான். 1931 மார்ச் 25ஆந் திகதி அவர் காலமானபோது அது முற்றுப்பெற்றிருக்கவில்லை. மகள் அல்பிரெடா டஸ்ரர் கையெழுத்துப்படியைப் பல்லாண்டு பேணி, பதிப்பகங்களுக்கு எழுதிக் காத்திருந்து, 1970இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மூலம் வெளியிட்டார். அந்நூலின் இறுதி வாக்கியம் நடுவில் நின்றுபோயுள்ளது.